கொடுக்கும் முன் கேட்போம்

(சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் சேவைக் குழுவின் சார்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த ஆண்டு நம் சேவைக் குழுவுக்கு ஒரு நல்ல யோசனை வந்திருக்கிறது. அணைகளுக்காகவும் ஆலைகளுக்காகவும் சுரங்கங்களுக்காகவும் இடம் பெயர்க்கப்பட்ட ஆதிவாசி மக்கள் வாழும் குடியிருப்புகளுக்குப் போய் போர்வை, துணிமணி, பள்ளிப் பை வழங்கலாம் என்பது அந்த யோசனை. சொன்னவர்களின் மனசு பெரிய மனசு. நான் அதற்கு எதிராகப் பேச வரவில்லை. ஆனால் இதே காரியத்தை நான் ஒரு தடவை செய்து, தப்பாகச் செய்திருக்கிறேன். அதைச் சொல்லாமல் இந்தத் திட்டத்துக்குக் கை தூக்க எனக்கு மனசு ஒப்பவில்லை.

நான் உத்தியோக நிமித்தமாக 30 வருஷங்களுக்கு மேல் ஒடிஷாவில் ரூர்கேலாவில் இருந்தவன். இங்கே வந்திருப்பவர்களில் பிலாய், பொகாரோ, ராஞ்சி, ஜாம்ஷெட்பூர் என்று இருந்தவர்களும் உண்டு. அந்த ஊர்களில் நமக்கு என்ன குறை இருந்தது? குவார்ட்டர்ஸ், தோட்டம், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, நவராத்திரி கொலு, ராதா கல்யாணம் எல்லாம் இருந்தன. அந்த மண் யாருடையதாக இருந்தது என்ற கேள்வி மட்டும் வெகு நாள் என் மனசில் எழவில்லை.

ஊருக்கு முன்பு இருந்த ஊர்கள்

ரூர்கேலா, பொதுத் துறையில் அமைந்த முதல் ஒருங்கிணைந்த உருக்காலை. ஜெர்மன் கம்பெனிகளின் ஒத்துழைப்போடு கட்டப்பட்டது. 1959 பிப்ரவரி 3ஆம் தேதி ராஷ்டிரபதி ராஜேந்திர பிரசாத் முதல் ஊதுலையைத் தொடங்கி வைத்தார். இது நமக்கெல்லாம் தெரிந்த சரித்திரம். பெருமைப்பட வேண்டிய சரித்திரமும் கூட.

அதற்கு முன் இன்னொரு சரித்திரம் இருக்கிறது. 1954ல் நிலம் எடுக்கும் அறிவிப்பு வந்தபோது அங்கே முப்பதுக்கும் மேற்பட்ட கிராமங்கள் இருந்தன. ஆலைக்குத் தண்ணீர் வேண்டும் என்று சங்க் நதியில் மந்திரா அணை கட்டினார்கள். அதில் ஏறக்குறைய இன்னும் முப்பது கிராமங்கள் போயின. ஒராவோன், முண்டா, கரியா, கிசான் முதலிய ஆதிவாசி மக்கள்தான் அந்தக் கிராமங்களில் பெரும்பான்மையோர். ஜல்தா, ஜிர்பானி போன்ற இடங்களில் அவர்களுக்காகக் காலனிகள் அமைத்தார்கள். பலரைக் காடு திருத்திப் பிழைத்துக்கொள்ளும்படி தூரத்து முகாம்களுக்கு அனுப்பினார்கள். எடுத்த நிலத்தில் ஆலைக்குத் தேவைப்படாமல் மிஞ்சியதைத் திருப்பிக் கொடுங்கள் என்ற கோரிக்கை பல பத்தாண்டுகள் கழித்தும் ஓயவில்லை.

ரூர்கேலாவுக்குப் பக்கத்தில் வேதவியாஸ் என்ற க்ஷேத்திரம் இருக்கிறது. சங்க் நதியும் கோயல் நதியும் கூடி பிராமணி நதியாகும் இடம். மகர சங்கராந்திக்கு நாங்கள் குடும்பத்தோடு போய் சங்கல்பம் சொல்லி ஸ்நானம் செய்வோம். அதே சங்க் நதியில் சற்று மேலே போனால் தண்ணீருக்கு அடியில் கிராமங்கள் இருக்கின்றன என்பது எனக்குத் தெரிய பதினைந்து வருஷம் ஆயிற்று.

இது ஓர் ஊரின் கதை மட்டுமல்ல. 1951 முதல் 1990 வரை நம் நாட்டில் வளர்ச்சித் திட்டங்களால் 2 கோடிக்கு மேற்பட்டவர்கள் இடம் பெயர்ந்திருப்பார்கள் என்றும், அவர்களில் சுமார் 40 சதவீதம் பேர் பழங்குடியினர் என்றும் ஆய்வாளர் வால்டர் பெர்னாண்டஸ் மதிப்பிட்டிருக்கிறார். 2011 கணக்கெடுப்பின்படி நாட்டின் ஜனத்தொகையில் பழங்குடியினர் 8.6 சதவீதம்தான். நூற்றுக்கு ஒன்பது பேர் கூட இல்லாதவர்கள், நூற்றுக்கு நாற்பது பங்கு சுமையைச் சுமந்திருக்கிறார்கள்.

சிலருக்கு ஒரு தடவையோடு முடியவில்லை. கோராபுட் மாவட்டத்துச் சிக்காபர் கிராமத்தைப் பற்றிப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். 1968ல் மிக் விமானத் திட்டத்துக்காக அவர்களை வெளியேற்றினார்கள். 1980களில், போய்த் தங்கிய இடத்திலிருந்தும் வெளியேற்றினார்கள். போன இடத்துக்கும் அவர்கள் சிக்காபர் என்றே பெயர் வைத்துக்கொண்டார்கள். ஊரைத்தான் எடுக்க முடிந்தது, பேரை எடுக்க முடியவில்லை.

போர்வை கொடுத்த கதை

இப்போது என் கதைக்கு வருகிறேன். 1989 ஜனவரி. அந்தப் பக்கத்துக் குளிர் அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். நாங்கள் பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் சேர்ந்து பணம் வசூல் செய்து, கம்பளிப் போர்வையும் பழைய துணியும் ஒரு வாடகை வேனில் ஏற்றிக்கொண்டு ஒரு மறுகுடியமர்வுக் காலனிக்குப் போனோம். குழந்தைகளை வரிசையில் நிற்க வைத்தோம். ஒவ்வொருவராக வந்து வாங்கினார்கள். ஒருவர் போட்டோ எடுத்தார். எல்லாம் ஒரு மணி நேரத்தில் முடிந்தது.

வரிசையில் வராத ஒரு கிழவர், ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். நான்தான் போய், "தாதா, வாங்கிக்கொள்ளுங்கள்" என்று ஹிந்தியில் சொன்னேன். அவர் போர்வையைப் பார்க்கவில்லை. "பாபு, நீங்கள் எந்த செக்டாரில் இருக்கிறீர்கள்?" என்று கேட்டார். சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "அங்கேதான் எங்கள் சசந்திரி இருந்தது" என்றார்.

அது என்ன என்று எனக்கு அப்போது தெரியாது. பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். முண்டா மக்கள் தங்கள் முன்னோர்களின் எலும்பைப் பூமியில் வைத்து அதன் மேல் பெரிய கல் பரப்புவார்கள். அந்தக் கல்தான் சசந்திரி. அவர்களுக்கு அது பித்ருக்களின் இடம், நிலத்துக்குப் பட்டாவும் அதுவே. நாம் தர்ப்பணம் செய்யும்போது மூன்று தலைமுறை பெயர் சொல்கிறோம். அவர்கள் அந்தக் கல்லைக் காட்டுவார்கள்.

அந்தக் கிழவர் வேஷ்டி மடிப்பிலிருந்து பிளாஸ்டிக் உறையில் சுற்றிய ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். ஏதோ ஓர் அலுவலகத்திலிருந்து ஆங்கிலத்தில் டைப் அடித்து வந்த கடிதம். "இதில் என்ன இருக்கிறது, படித்துச் சொல்லுங்கள் பாபு" என்றார். எங்கள் வேனை மத்தியானம் வரைக்கும்தான் பேசியிருந்தோம். டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். "அடுத்த தடவை வரும்போது பார்க்கிறேன்" என்று சொல்லி, ஒரு போர்வையை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு ஓடி வந்து ஏறினேன்.

அடுத்த தடவை என்பது ஏப்ரலில்தான் வந்தது. அன்று கடிதத்தை வாங்கிப் படித்தேன். காலனியில் அவர் இருக்கும் மனை சம்பந்தமாக, ஆதாரங்களோடு குறிப்பிட்ட தேதியில் வந்து ஆஜராக வேண்டும், தவறினால் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்படும் என்று இருந்தது. அந்தத் தேதி, நாங்கள் போர்வை கொடுத்த நாளிலிருந்து சரியாகப் பன்னிரண்டு நாள் கழித்து. தாண்டிப் போய்விட்டது. அவர் பெயரும் போய்விட்டது. பின்னால் நானும் அவரோடு இரண்டு மூன்று முறை அந்த அலுவலகத்துக்கு நடந்தேன். ஒன்றும் ஆகவில்லை.

படிப்பதற்கு ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். அதை நான் கொடுக்கவில்லை. அவர் கேட்காத போர்வையைக் கொடுத்தேன். அவர் என்னைக் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்கு இன்றைக்கு இவ்வளவு பாரமாக இருக்காது.

அவர்கள் ஏழைகளா?

நாம் செய்யும் முதல் தவறு, இடம் பெயர்ந்த ஆதிவாசியை ஓர் ஏழை என்று நினைப்பது. ஏழை என்றால் ஆரம்பத்திலிருந்தே இல்லாதவன் என்று நமக்குள் ஓர் எண்ணம் இருக்கிறது. இவர்கள் இருந்ததை இழந்தவர்கள்.

என்ன இழந்தார்கள்? வயல் மட்டுமல்ல. காட்டில் மகுவா மரம் இருந்தது. நம் இலுப்பைக்கு உறவு. அதன் பூவைப் பொறுக்கி உலர்த்தினால் பஞ்ச காலத்தில் ஆகாரம், சந்தையில் விற்றால் உப்புக்கும் துணிக்கும் காசு. சால் மரத்து இலையைத் தைத்து விற்பார்கள். நம் ராதா கல்யாணப் பந்தியில் போட்ட தையல் இலைகளும் அவர்கள் கை தைத்தவைதான். காட்டுக்கும் மேய்ச்சல் நிலத்துக்கும் யார் பெயரிலும் பட்டா கிடையாது. பட்டா இல்லாததால் அதற்கு நஷ்ட ஈடும் கிடையாது. வயலுக்கு வந்த பணம் பெரும்பாலும் ஆண் பெயரில் வந்தது. காட்டை நம்பியிருந்த பெண்ணுக்கு ஒன்றும் வரவில்லை. விதவைகள், விவாகரத்தானவர்கள், கைவிடப்பட்ட பெண்கள் ஆகியோரைத் தனிக் குடும்பமாகக் கருத வேண்டும் என்று சட்டம் சொன்னது 2013ல்தான். 1950களில் போனவர்களுக்கு அது பின்னோக்கிப் பாயவில்லை.

சமூகவியலாளர் மைக்கேல் செர்னியா, இடப்பெயர்ச்சியால் வரும் ஆபத்துகளை எட்டாகப் பிரித்திருக்கிறார். நிலம் போவது, வேலை போவது, வீடு போவது, ஓரங்கட்டப்படுவது, உணவு நிச்சயமில்லாமல் போவது, நோய் கூடுவது, பொதுச் சொத்துகள் போவது, சமூகம் சிதறுவது. நம் போர்வையும் பையும் இந்த எட்டில் எதைத் தொடுகிறது என்று ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள்.

நம் வழக்கம், அவர்கள் வழக்கம்

இரண்டாவது, கொடுப்பதோடு நம் அபிப்பிராயத்தையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறோம். இதைச் சொல்லும்போது நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நானும் இந்த வீட்டுப் பிள்ளைதான்.

பால் பவுடர் டப்பா கொண்டுபோய்க் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். அங்கே பல ஆதிவாசி சமூகங்களில் பசுவைக் கறந்து குடிக்கும் வழக்கமே கிடையாது. கன்றுக்குரியதை மனுஷன் எடுக்கலாமா என்பது அவர்கள் தர்மம். குடித்துப் பழகாத பெரியவர்கள் பலருக்கு அது ஜீரணமும் ஆகாது. சைவ ஆகாரம் நமக்கு ஆசாரம். நம் பணத்தில் நடக்கும் விடுதியில் என்ன சமைப்பது என்பதை நாம் முடிவு செய்துகொள்ளலாம். ஆனால் அரிசியோடு பருப்பைக் கொடுத்துவிட்டு, "இனிமேல் மீன் சாப்பிடாதே" என்று குழந்தையிடம் சொல்வது தானம் ஆகாது. அது பேரம்.

அதே போல ஹண்டியா. அரிசியில் புளிக்க வைக்கும் பானம். "இவர்கள் குடிகாரர்கள், கையில் பணம் கொடுக்கக் கூடாது" என்று நம்மவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது அவர்கள் பூஜையில் முன்னோர்களுக்குப் படைக்கும் பொருள். ஊர் இருந்தவரை வீட்டுக்கும் பண்டிகைக்குமாக இருந்தது. நிலம் போன பிறகு, பெண்கள் ரோட்டோரத்தில் பானை வைத்து விற்கும் பிழைப்பாயிற்று. குடியினால் வரும் கேட்டை நான் மறுக்கவில்லை. ஆனால் காரணத்தையும் விளைவையும் தலைகீழாகப் படிக்கக் கூடாது.

குழந்தைகள் விஷயம் இன்னும் நுட்பமானது. வீட்டில் முண்டாரியோ, குருக்கோ, சாத்ரியோ பேசும் குழந்தை, பள்ளியில் முதல் நாளே ஒடியாவிலோ ஹிந்தியிலோ பாடம் கேட்கிறது. வாத்தியார் கேட்பது புரியாமல் நிற்கிறது. "மந்தம்" என்று பெயர் வாங்கி மூன்றாவதோடு நின்றுவிடுகிறது. அந்தக் குழந்தைக்குப் பை கொடுத்து என்ன பிரயோஜனம்? அந்தப் பாஷை தெரிந்த, அதே காலனியில் பத்தாவது படித்த ஒரு பெண்ணுக்கு மாதச் சம்பளம் கொடுத்து, முதல் இரண்டு வகுப்புக் குழந்தைகளைச் சாயங்காலம் உட்கார வைத்தால் அதுதான் கல்வி தானம்.

நம்மால் ஆவது என்ன?

வெறுமனே குறை சொல்லிவிட்டுப் போக நான் வரவில்லை. நம்மிடம் பணத்தைவிட அருமையான ஒன்று இருக்கிறது. நம் அங்கத்தினர்களில் ரிட்டயரான பாங்க் அதிகாரிகள், ஆடிட்டர்கள், வக்கீல்கள், சர்க்கார் உத்தியோகஸ்தர்கள், டாக்டர்கள், ஆசிரியர்கள் எத்தனை பேர்! ஒரு சர்க்கார் கடிதத்தைப் படித்து, பதில் எழுதி, ரசீது வாங்கிப் பத்திரப்படுத்த நமக்குத் தெரியும். தலைமுறை தலைமுறையாக நாம் செய்து வந்த வேலை அது. அங்கே பஞ்சமாக இருப்பதும் அதுதான்.

சில உதாரணங்கள் சொல்கிறேன். 1987ஆம் வருஷத்து இலவச சட்ட உதவிச் சட்டத்தின்படி, பழங்குடியினர் யாராக இருந்தாலும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உதவி கிடைக்கும். இதை அவர்களுக்கு யார் சொல்வது? 2006 வன உரிமைச் சட்டத்தின்படி, 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்து காட்டு நிலத்தில் பயிர் செய்து வரும் பழங்குடிக் குடும்பம் 4 ஹெக்டேர் வரை உரிமை கோரலாம். மறுவாழ்வு தராமல் சட்டவிரோதமாக வெளியேற்றப்பட்டவர்களுக்கும் அதில் ஒரு பிரிவு உண்டு. மனுவைக் கிராம சபையில் கொடுக்க வேண்டும். தகவல் அறியும் சட்டப்படி மத்திய அரசு அலுவலகங்களில் 10 ரூபாய் கட்டி, தன் மனையின் நிலை என்ன என்று கேட்கலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அந்தக் கட்டணமும் இல்லை. எல்லாம் காகிதத்தில் இருக்கிறது. காகிதத்துக்கும் காலனிக்கும் நடுவில் ஓர் ஆள் வேண்டும்.

ஹைதராபாத், விஜயவாடா அன்பர்களுக்கு ஒரு விஷயம். 2005க்குப் பிறகு பஸ்தரில் நடந்த மோதலுக்கு அஞ்சி, கோதாவரிக் கரைக் காடுகளுக்கு வந்து குடியேறிய கோயா மக்கள் இருக்கிறார்கள். பழங்குடிப் பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. எல்லை தாண்டியதும் அவர்களுக்கு ஜாதிச் சான்றிதழ் கிடைப்பது கஷ்டமாகிவிட்டது. சான்றிதழ் இல்லாவிட்டால் விடுதியில் இடம் இல்லை, உதவித் தொகை இல்லை. அவர்களிடம் போகிறவர்கள் முதலில் இதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

டாக்டர்களுக்கும் ஒரு வார்த்தை. மத்திய இந்தியப் பழங்குடியினரிடம் சிக்கிள் செல் என்ற பரம்பரை ரத்த நோய் கூடுதல். 2023ல் மத்திய அரசு இதற்கென்றே ஒரு தேசியத் திட்டம் தொடங்கியது. முகாம் போட்டு, சோகை என்று பொத்தாம்பொதுவாக மாத்திரை கொடுத்துவிட்டு வருவதைவிட, ரத்தப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்து, நோய் உள்ளவர்களை ஆஸ்பத்திரியோடு சேர்த்து வைப்பது பெரிய உபகாரம்.

ஆகவே சேவைக் குழுவுக்கு என் விண்ணப்பம் நான்கு. முதலாவது, ஒரே ஒரு குடியிருப்பை எடுத்துக்கொள்வோம், ஐந்து வருஷத்துக்கு. இரண்டாவது, முதல் மூன்று தடவை வெறும் கையோடு போவோம். உட்கார்ந்து, எந்த ஊரிலிருந்து வந்தீர்கள், என்ன இருந்தது, இப்போது என்ன வேண்டும் என்று கேட்போம். ஆண்களிடம் மட்டுமல்ல, பெண்களிடமும் தனியாகக் கேட்போம். அவர்கள் போர்வை கேட்டால் போர்வையே கொடுப்போம். மூன்றாவது, வரிசையும் வேண்டாம், போட்டோவும் வேண்டாம். நம் பத்திரிகையில் படம் வராவிட்டால் குறைந்து போக மாட்டோம். நான்காவது, செலவுக் கணக்கை இந்தப் பொதுக்குழுவில் படிப்பது போல, அவர்கள் கூட்டத்திலும் அவர்கள் பாஷையில் படிப்போம்.

நாங்களும் நாமும்

பாத்திரம் அறிந்து பிச்சையிடு என்று நம் வீடுகளில் சொல்வார்கள். வாங்குகிறவனைச் சோதிப்பதற்கே அந்தப் பழமொழியை நாம் எடுத்துக்கொண்டோம். தைத்திரீய உபநிஷத்தின் சீக்ஷாவல்லியில் தானத்தைப் பற்றி வரும் இடத்தில் கவனம் முழுக்கக் கொடுக்கிறவன் மேல் இருக்கிறது. அவனுக்கு சிரத்தை வேண்டும், கூச்சமும் வேண்டும் என்பது அதன் கருத்து. கூச்சம் எதற்கு என்று சின்ன வயசில் எனக்குப் புரியவில்லை. அந்த மரத்தடியில் புரிந்தது. அவர் முன்னோர் படுத்திருந்த மண்ணில் நான் வீடு கட்டிக் குடியிருந்துகொண்டு, அவருக்கு நான் தானம் செய்ததாக நினைத்தேன். அது தானம் அல்ல. தேவருணம், பித்ருருணம் என்கிறோமே, அந்த வரிசையில் வைக்க வேண்டிய ஒரு கடன்.

கடைசியாக ஒன்று. ஒராவோன் மக்களின் பாஷையான குருக், நம் தமிழுக்கு உறவு. திராவிட மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதில் 'நீ' என்பதற்கு 'நீன்' என்பார்கள். தமிழில் கேட்பவரைச் சேர்க்காமல் சொன்னால் 'நாங்கள்', சேர்த்துச் சொன்னால் 'நாம்'. ஆங்கிலத்திலோ ஹிந்தியிலோ இந்த வித்தியாசம் கிடையாது. குருக்கில் உண்டு. சேர்க்காமல் சொன்னால் 'ஏம்'. சேர்த்துச் சொன்னால் அவர்களும் 'நாம்' என்றே சொல்கிறார்கள்.

அன்றைக்கு வேனில் போனது 'நாங்கள்'. இந்தத் தடவை போகிறவர்கள் 'நாம்' என்று சொல்லும்படியாகத் திரும்பி வர வேண்டும். அந்தக் கிழவர் இப்போது இல்லை. அவர் நீட்டியது போன்ற காகிதங்கள் இன்னும் பல மடிப்புகளில் இருக்கின்றன. போய்ப் படிப்போம்.